பதினைந்து மணி நேரக் கணக்கு

“விமானத்தில் பதினைந்து மணி நேரம்தானே, சொன்னால் மறுநாளே வந்துவிடுவான்.” தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் அமர்ந்திருக்கும் குடும்பங்கள் பேசிக்கொள்ளும் வார்த்தை இது. நானும் ஒருமுறை சொன்னேன். அந்தக் கணக்கு தவறு.

சென்னைக்கும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 13,900 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வரும். ஆனால் இவ்விரு நகரங்களுக்கிடையே நேரடி விமானம் இல்லை. சிங்கப்பூர் வழியே வந்தால் தொலைவு 16,000 கி.மீ.யைத் தாண்டும். மேற்கு நோக்கிப் பறக்கையில் எதிர்க்காற்று வேறு. சிங்கப்பூரை அடையவே ஏறத்தாழ 17 மணி நேரம். அங்கே காத்திருப்பு, பின்னர் சென்னைக்கு நான்கு மணி நேரம். பயணச்சீட்டு கிடைப்பது, விமான நிலையத்திற்கு முன்கூட்டியே செல்வது, இங்கே குடிநுழைவு வரிசை, மருத்துவமனை வரையிலான சாலை நெரிசல் ஆகியவற்றையும் கூட்டுங்கள். செய்தி கேட்ட நேரம் முதல் கட்டிலருகே வந்து நிற்கும் வரை ஒன்றரை நாளேனும் ஆகும். இரண்டு நாள் ஆனாலும் வியப்பில்லை. செவ்வாய் இரவு அங்கே விமானம் ஏறுபவர், கடிகார வேறுபாட்டால், வியாழன் நண்பகலில்தான் இங்கே இறங்குவார்.

என் தந்தையார் நுரையீரல் தொற்றுடன் சேர்க்கப்பட்டபோது, தம்பி பதறுவானே என்று இரண்டு நாள் மறைத்தேன். தந்தையார் அப்போது நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். தம்பியைப் பற்றியும் விசாரித்தார். தம்பி வந்து சேர்ந்தபோது அவருக்குச் செயற்கைச் சுவாசம் பொருத்தப்பட்டிருந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

விடுப்பு வீணாகும், பணம் வீணாகும் என்பார்கள். வந்தபின் நோயாளி தேறிவிட்டால் அதை வீண் என்று யார் சொல்வார்? தொலைவில் இருப்பவர் வருவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அதற்குரிய செய்தியை மறைக்க நமக்கு உரிமை இல்லை. நோயாளி தெளிவுடன் இருந்தால் அவருடைய விருப்பத்தையும் கேட்க வேண்டும். நாம் பெரும்பாலும் அவரைக் கேட்பதே இல்லை.

மருத்துவரிடம் “பிழைப்பாரா?” என்று கேட்டால் உறுதியான விடை கிடைப்பது அரிது. “வெளிநாட்டில் இருப்பவரை இன்றே வரச் சொல்லலாமா? வந்து சேர இரண்டு நாள் ஆகும்” என்று கேளுங்கள். அதற்கு விடை சொல்வது அவருக்கும் எளிது. காலைச் சுற்று முடிந்த உடனேயே பேசுவது நல்லது. இங்கே காலை பத்து மணி என்றால், கோடைக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் முந்தைய நாள் இரவு ஒன்பதரை, விழித்திருப்பார்கள். பிற்பகல் வரை ஒத்திவைத்தால் அங்கே நள்ளிரவு கடந்துவிடும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பிள்ளையாயின், செல்லுபடியாகும் கடவுச்சீட்டும், ஓசிஐ அட்டையோ இந்திய விசாவோ இருந்தால்தான் விமானத்தில் ஏற முடியும். அவை கைவசம் உள்ளனவா என்பதை, அவசரம் ஏதும் இல்லாத இன்றைக்கே தொலைபேசியில் கேட்டுவிடலாம்.