பூம்புகார்க் கடலில் இறங்கப்போவது யார்?



காவிரிப்பூம்பட்டினத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடலடியில் ஆய்வு நடக்கும் என்று 2025 மார்ச்சில் தமிழ்நாடு நிதிநிலை அறிக்கை அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மாநிலத் தொல்லியல் துறை பூம்புகாரில் வேலையைத் தொடங்கியது. நாளேடுகளும் தொலைக்காட்சிகளும் கொண்டாடின. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் தண்ணீருக்குள் இறங்கப்போகிறவர்கள் யார், அவர்களைப் பழக்குவது யார், திட்டம் முடிந்த மறுநாள் அவர்கள் பிழைப்புக்கு எங்கே போவார்கள் என்ற கேள்விகள் அந்த ஆரவாரத்தில் எழவே இல்லை. அந்த அலட்சியத்தைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

பூம்புகார்க் கடலில் ஆய்வு நடப்பது இது முதல் முறை அல்ல. லோத்தலை அகழ்ந்த எஸ்.ஆர். ராவின் முயற்சியால் 1980களில் கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம் கடல்சார் தொல்லியலில் இறங்கியது. முதலில் துவாரகை பேசப்பட்டது, பிறகு பூம்புகார். 1990களின் தொடக்கத்தில் தமிழகத் தொல்லியல் துறையோடு சேர்ந்து அந்த அணி இங்கே முக்குளித்தது. கரையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பு தென்பட்டது. இதே கடலில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கப்பல் ஒன்றின் சிதைவும் கிடைத்தது. அதிலிருந்த ஈயப் பாளங்களில் பிளாக்கெட் என்ற ஆங்கிலேயப் பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன.

அந்த லாட வடிவம் மனிதர் எழுப்பிய கட்டுமானமா, இயற்கையாக அமைந்த பாறையா? முப்பது ஆண்டுகள் கடந்தும் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. முடிவு சொல்ல வேண்டுமானால் பருவம் தவறாமல் ஆண்டுதோறும் அங்கே இறங்கி அளக்க வேண்டும், மாதிரி எடுக்க வேண்டும். அதற்கு ஆளில்லாமல் போன இடைவெளியில் யூகங்கள் புகுந்தன. 2001இல் பிரிட்டிஷ் எழுத்தாளர் கிரகாம் ஹேன்காக் இங்கே முக்குளித்து, பனியுகத்தின் தொலைந்த நாகரிகம் என்ற தன் கருத்துக்கு இதைச் சான்றாக்கினார். தமிழர் தொன்மையைப் பேசும் மேடைகளில் இன்றும் அந்தக் கதை ஒலிக்கிறது. மறுப்பதற்கும் ஏற்பதற்கும் தேவையான அளவீடுகளைத் தரவேண்டிய தலைமுறையை எந்த அரசும் உருவாக்கவில்லை. வேதனை அதுதான்.

23 மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய எண். கரையில் ஒரு பனைமரத்தின் உயரம்தான். ஆனால் சாதாரணக் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு அந்த ஆழத்துக்குப் போகிறவர், மேலேறும் வழியில் நின்று நின்று அழுத்தம் குறைக்காமல் திரும்ப வேண்டுமானால், சுமார் அரை மணி நேரமே கீழே இருக்கலாம். ஆற்று வண்டல் கலங்கினால் அந்த அரை மணியும் தடவித் தடவியே கழியும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இறங்கவே முடியாது. ஆகவே ஐந்து பேர் கொண்ட அணிக்கு நாள் முழுவதும் சேர்த்துக் கடலடியில் கிடைப்பது சில மணி நேரம். நிலத்தில் ஒரு குழியில் பத்துப் பேர் காலை முதல் மாலை வரை செய்யும் வேலையை இங்கே மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். கடலடித் தொல்லியலுக்குக் கருவியை விட ஆட்கள்தான் பெரிய முதலீடு என்பதற்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

அந்த ஆளாக விரும்பும் ஒரு பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். முதுகலைத் தொல்லியல் முடிக்கிறாள். நிலத்து அகழாய்வில் ஒப்பந்த வேலையில் குழிக்குப் பொறுப்பேற்கிறாள். முக்குளிக்கப் புதுச்சேரிக்கோ அந்தமானுக்கோ கைக்காசைக் கொண்டுபோக வேண்டும். முதல் நிலைச் சான்றிதழ் 18 மீட்டர் வரைதான் செல்லும். பூம்புகாரின் 23 மீட்டருக்கு அடுத்த நிலையும் வேண்டும். இரண்டும் முடித்தாலும் கிடைப்பது சுற்றுலாப் பயணிக்கான தகுதியே. தண்ணீருக்கடியில் நெகிழித் தாளில் பென்சிலால் வரைவது, நாடா பிடித்து அளப்பது, மணலை உறிஞ்சும் குழாயைக் கையாள்வது, நூற்றுக்கணக்கான படங்களை இணைத்து முப்பரிமாண வரைபடம் ஆக்குவது, நீரில் ஊறிய மரத்தை வெடிக்காமல் காப்பது, இத்தனையும் அதற்குப் பிறகுதான். இவற்றை அவள் எங்கே கற்பாள், கற்கும் ஆண்டுகளில் யார் உதவித்தொகை தருவார்கள்? வீட்டில் கேட்கும் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இரண்டே ஆண்டில் போட்டித் தேர்வு எழுதப் போய்விடுவாள். அவளைக் குறை சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் கதையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2001இல் அங்கே நீரடித் தொல்லியல் பிரிவு உருவானது. லட்சத்தீவின் பங்காரம் தீவருகே பிரின்சஸ் ராயல் என்ற கப்பலின் சிதைவை ஆராய்ந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்படையின் துணையோடு மாமல்லபுரத்திலும், தொடர்ந்து துவாரகையிலும் பணியாற்றியது. பிறகு நீண்ட மந்தம். 2025 பிப்ரவரியில் பிரிவு புதுப்பிக்கப்பட்டு துவாரகையில் மீண்டும் இறங்கியபோது அணியில் இருந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் பெண்களும் இருந்தது மகிழ்ச்சி. ஆயினும் குஜராத் முதல் வங்கம் வரை நீளும் கடற்கரைக்கு அணி இவ்வளவுதானா?

வெளிநாடுகளில் ஆட்களை உருவாக்கிய விதத்தைப் பாருங்கள். அமெரிக்க மாணவர் ஜார்ஜ் பாஸ் 1960இல் துருக்கியின் கெலிடோனியா முனையில் வெண்கலக் காலக் கப்பலை அகழப் புறப்படும் முன், நீச்சல் குளத்தில்தான் முக்குளிக்கப் பழகினார். தொல்லியலாளருக்கு முக்குளிக்கக் கற்றுத்தருவது எளிது என்பதே அவர் கொள்கை. 1973இல் அவர் தொடங்கிய நிறுவனம், துருக்கிக் கரையின் உலுபுருன் கப்பல் சிதைவில் 1984 முதல் 1994 வரை 22,000க்கும் மேற்பட்ட முறை இறங்கியது. அங்கே மாணவர்களாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கப்பலை ஆராய்ந்தே பேராசிரியர்களானார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். பரப்பில் தமிழ்நாட்டின் பாதி அளவே உள்ள இலங்கை, காலித் துறைமுக நகரில் 2001இல் கடல்சார் தொல்லியல் பிரிவை நிறுவியது. 1659இல் அந்தத் துறைமுகத்தில் மூழ்கிய அவொண்ட்ஸ்டர் என்ற டச்சுக் கப்பலைப் பள்ளிக்கூடமாக்கி, வெளிநாட்டு வல்லுநர்களோடு உள்ளூர் இளைஞர்களை இறக்கியது. சுனாமி அந்தப் பிரிவின் கட்டடத்தை அடித்துச் சென்றது. பழகிய கைகள் மிஞ்சின. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையான கொடவாய கப்பல் சிதைவை முதலில் கண்டவர்கள் அங்குள்ள மீனவர்கள் என்பதையும் இங்கே நினைவூட்ட வேண்டும்.

தமிழகக் கரையில் அந்த அறிவுக்குக் குறைவில்லை. எந்தப் பாரில் வலை சிக்கும் என்பது பூம்புகார் மீனவருக்குத் தெரியும். தூத்துக்குடியிலும் கீழக்கரையிலும் சங்கு குளிப்பவர்களுக்குக் கடலடி வீட்டு முற்றம் போல. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்டம் படிக்கிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் வரலாறு, கடல்சார் தொல்லியல் துறை ஏற்கெனவே இருக்கிறது. கரையின் அறிவையும் அந்தத் துறையையும் சேர்த்து முடிச்சுப் போட அரசாணை ஒன்று போதும்.

அரசு செய்ய வேண்டியது இதுதான்: மாநிலத் தொல்லியல் துறையில் கடலடிப் பிரிவுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும். முக்குளிப்புப் பயிற்சி, காப்பீடு, மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றின் செலவை அரசே ஏற்க வேண்டும். சங்கு குளிப்பவர்களைத் தினக்கூலிக்கு அழைக்காமல் பயிற்றுநர்களாக அமர்த்த வேண்டும். எடுத்த பொருளின் உப்பை நீக்கிப் பாதுகாக்கும் ஆய்வகத்தைப் பூம்புகாருக்கு அருகிலேயே திறந்த பிறகே எதையும் மேலே கொண்டுவர வேண்டும். நீரடிப் பண்பாட்டு மரபைக் காக்கும் 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையை ஏற்குமாறு ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் எத்தனை பணியிடம், என்ன சம்பளம், எந்த ஆண்டு முதல் என்பதை அமைச்சர் பேரவையில் எண்ணோடு சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சீர்காழி