அம்பாசிடர் பின்சக்கரம் முனகுதா?

மேற்கு வங்க உத்தர்பாராவில் 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் உற்பத்தி நின்றுபோனது. ஆனாலும் மதுரைப் பக்கம் அந்த காரைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கான டிப்ஸ் இது.

மேலூர் சாலையில் வேகம் கூடக்கூட, பின்பக்கம் ‘ஊம்ம்’ என்ற முனகலும் கூடுகிறதா? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி மறைக்காதீர்கள். ஆக்ஸில் பேரிங் தேய்ந்திருக்கலாம். கூடவே ஆயில் சீலும் போனால், டிஃப்ரன்ஷியல் ஆயில் பிரேக் டிரம்முக்குள் கசியும். பிரேக் சரியாகப் பிடிக்காது.

ஆக்ஸிலைக் கழற்றும்போது ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஸ்டாண்ட் வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். புது பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றினால் உள்ளே பள்ளம் விழும். சீக்கிரமே சத்தம் திரும்பும். பிரஸ்ஸில் ஏற்றுவதே சரி.

வண்டியை எடுக்கும் முன் மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி: “அண்ணே, ஆயில் சீலும் புதுசுதானே?”