மானோடு செல்ஃபி எடுத்தால் கோட்டை நமதாகுமா?



கிளிவெட்டி, தோப்பூர், மூதூர் பக்கத்திலிருந்து வருடா வருடம் கல்விச் சுற்றுலா போகிறோம். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, சிகிரியா, நுவரெலியா. விடியுமுன் பஸ் ஏறி, நடுச்சாமத்தில் வந்து இறங்குகிறோம். நம் மாவட்டத்திலேயே இருக்கும் பிரெட்றிக் கோட்டைக்கு எப்போது போகிறோம்? பெருநாள் கழிந்து, மானோடு செல்ஃபி எடுக்க.

அது வெறும் மான் பார்க்கும் இடமா? கோணேசர் கோயிலை இடித்த கற்களால் 1620களில் போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த ஆர்தர் வெல்லெஸ்லி 1800இல் தங்கியதாகச் சொல்லப்படும் வீடும் அதற்குள்தான் நிற்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"அது ஆமிக் காம்ப், நமக்கென்ன?" என்கிறார்கள் சிலர். கோயிலுக்குப் போகும் சனம் அந்த வாசலால்தானே தினமும் நடக்கிறது! "முன்பு பாதைக்குக் காத்துக் கிடந்தோம்" என்றால், கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். இன்னும் என்ன சாட்டு?

2020இல் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கொதித்தோம். கொதித்தது நியாயம். தொல்பொருள் பலகையைக் கண்டால் நம் சனத்துக்குக் காணி போய்விடுமோ என்ற பயம் வருவதும் நியாயம். ஆனால் பயந்து ஒதுங்கி நின்றால் நம் கதையை யார் சொல்லுவார்கள்? கதிரை தரவில்லை என்று கேட்கும் நாம், தும்புத்தடியாவது எடுத்தோமா?

பிழை ஆசிரியர்களாகிய எங்களிலும் இருக்கிறது. வழியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு பகுதி என்று வகுப்பில் படிப்பிக்கிறோம். அதே பிள்ளைகள் சோற்றுப் பார்சல் பொலித்தீனை மானுக்கு முன்னால் எறியும்போது பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். சோற்று வாசத்துக்கு மான் அதையும் சேர்த்துத் தின்னும். வயிறு அடைத்துச் சாகும்.

இங்கிலாந்தில் 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், பழைய வீடுகளையும் தோட்டங்களையும் சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கான தொண்டர்களின் உதவியோடு பராமரிக்கிறது. சிரமதானம் நமக்குப் புதிதா?

நாம் கேட்பது இவ்வளவுதான். தவணைக்கு ஒரு சனிக்கிழமை. அதிபர் மூலம் முறையாக அனுமதிக் கடிதம். பத்துப் பிள்ளைகள், கையுறை, சாக்கு. பொலித்தீன் பொறுக்குவோம். சுவரைச் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். அது நம் வேலையும் இல்லை, சட்டமும் விடாது. வருகிறவர்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கோட்டையின் கதை சொல்ல மூன்று பிள்ளைகளைப் பழக்குவோம்.

நம் பிள்ளை சிங்களத்தில் கதை சொல்ல, தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்று கேட்கட்டும். அதைவிடப் பெரிய பதில் எந்தச் செயலணிக்கும் தேவையில்லை.

அடுத்த தவணை, இன்ஷா அல்லாஹ். வரக்கூடிய பெற்றோர் கீழே பெயரைப் போடுங்கள்.