யார் எழுதினால் என்ன?

"குழந்தைப் படம்தானே சார், யார் எழுதினால் என்ன?" போன வாரம் கடற்கரையில் நடக்கும்போது நண்பர் இப்படிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பேச்சு, 'சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று ஹேசல் கொட்டைகள்' என்ற படத்தைப் பற்றியது. 1973-ல் செக்கோஸ்லோவாகியாவும் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்து எடுத்தது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் பெரோ எழுதிய சிண்ட்ரெல்லாவைப் படித்தவன் நான். அவள் அழுவாள், தேவதை வந்து காப்பாற்றும். இந்தப் பெண்ணோ குதிரை ஏறுகிறாள்; வேட்டைக்காரன் வேஷத்தில் வில்லெடுத்துப் பரிசையும் தட்டிக்கொண்டு போகிறாள்; விருந்து நடனத்தில் இளவரசனுக்கே விடுகதை போடுகிறாள். ஜெர்மனி, செக், நார்வே என்று இன்றும் கிறிஸ்துமஸ் தோறும் டி.வி.யில் போடுகிறார்கள்.

திரைக்கதை எழுதியவர் ஃப்ரான்டிஷெக் பவ்லீச்செக். 1968-ல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தபின் எழுதத் தடை செய்யப்பட்டவர். ஆகவே திரையில் வந்தது பொஹுமிலா ஸெலென்கோவா என்ற பெண்மணியின் பெயர். அந்த அம்மாளை நான் குறை சொல்ல மாட்டேன். வெளியே தெரிந்தால் தனக்கும் ஆபத்து என்று அறிந்தே பெயரைக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டவர். என் கோபம் அந்தத் தடையைப் போட்டவர்கள் மேல்.

நானும் முப்பது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதினேன், கையெழுத்து மேலதிகாரியுடையது. அது உத்தியோக முறை, சம்பளம் வாங்கினேன். ஆட்சிக்கு ஆகாதவன் என்று ஒரு கதாசிரியனின் பெயரை மறைப்பதும் அதுவும் ஒன்றா?

டிசம்பரில் பேத்தியோடு மறுபடி பார்க்கப்போகிறேன். பெயர்கள் ஓடும்போது 'பவ்லீச்செக்' என்று உரக்கவே சொல்வேன். நண்பரும் வரலாம்.