தலைமையாசிரியர் கையில் இருப்பது என்ன?

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு சற்றே சரிந்தால் போதும். ஆய்வுக் கூட்டத்தில் வாங்கிய பேச்சையெல்லாம் தலைமையாசிரியர் ஸ்டாஃப் ரூமில் இறக்கிவைக்கிறார். அடுத்த நாள் மெமோ வருகிறது. கண்டிப்பு இருந்தால்தான் ஆசிரியர்கள் வேலை பார்ப்பார்கள் என்ற எண்ணம் நம் பள்ளிக்கூடங்களில் ஊறிப்போனது.

ஆனால் அரசுப் பள்ளித் தலைமையாசிரியருக்குத் தண்டிக்கும் அதிகாரம் பெயரளவுக்குத்தான் உண்டு. சம்பளம் அவர் கையில் இல்லை. பதவி உயர்வு பணிமூப்புப்படி, இடமாறுதல் கலந்தாய்வில். 2003-இல் உலக வங்கி, ஹார்வர்டு ஆய்வாளர்கள் இந்தியாவின் 20 மாநிலங்களில் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தார்கள். அரசுப் பள்ளிகளில் நான்கில் ஓர் ஆசிரியர் வரவில்லை. தொடர்ந்து வராத ஆசிரியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டதாகச் சொன்னவர், ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளிகளில் ஒரே ஒரு தலைமையாசிரியர்தான். மற்ற ஆசிரியர்களைவிடத் தலைமையாசிரியர்களே கூடுதலாக வராமல் இருந்ததும் அந்த ஆய்வில் தெரிந்தது. மெமோவுக்கு அஞ்ச வேண்டியவர் அஞ்சுவதில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்துகிறவர்தான் அதை வாங்கி நொந்துபோகிறார்.

அப்படியென்றால் தலைமையாசிரியரிடம் என்னதான் இருக்கிறது? கால அட்டவணை இருக்கிறது. யாருக்கு எந்த வகுப்பு, தற்செயல் விடுப்பு கேட்டு வருபவரிடம் எந்த முகம் காட்டுவது என்பதெல்லாம் அவர் கையில்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பறையில் போய் உட்காரும் உரிமை இருக்கிறது.

எட்டாம் வகுப்பு அறிவியல் பாடவேளை முழுவதும் கடைசி பெஞ்சில் ஒரு தலைமையாசிரியர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மதியம் ஆசிரியையைப் பார்த்து, “டீச்சர், மின்சுற்றுப் படம் பின்னாடி இருக்கிற பிள்ளைங்களுக்குத் தெரியல. பேட்டரியும் பல்பும் கையில கொடுத்துருவோமா? லேப்ல இருக்கு, எடுத்துத் தரச் சொல்றேன்” என்கிறார். தன் பாடத்தை ஒருவர் முழுதாகக் கவனித்திருக்கிறார் என்பதே அடுத்த பாடத்துக்குத் தயாராகும் தெம்பைத் தந்துவிடும்.

மாணவர் கற்றலிலும் இது எதிரொலிக்கிறது. கற்பித்தலில் நேரடியாக ஈடுபடும் தலைமையின் பயன், இலட்சியம் பேசி உற்சாகமூட்டும் தலைமையைவிட 3 முதல் 4 மடங்கு என்று நியூசிலாந்தின் விவியன் ராபின்சன் குழுவினர் 2008-இல் கணக்கிட்டார்கள். சிகாகோ தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்த ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் இருவரும் 2002-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். தலைமையாசிரியர், ஆசிரியர், பெற்றோர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று கணிதத்திலும் வாசிப்பிலும் முன்னேறியது. நம்பிக்கை நலிந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். அந்த நம்பிக்கைக்கு அச்சாணி, ஆசிரியர்களை மதித்துச் சொன்ன சொல் காக்கும் தலைமையாசிரியர்.

தனி மனிதர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. நம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் எழுத்தர் கிடையாது. எமிஸ் என்னும் இணையத் தகவல் பதிவிலிருந்து சத்துணவுக் கணக்கு வரை தலைமையாசிரியர் தலையில்தான் விழுகிறது. பாடமும் அவரே எடுக்க வேண்டும். வகுப்பைக் கவனிக்க நேரம் எங்கே? பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் எழுத்தரைக் கொடுக்கட்டும். பதவி உயர்வு ஆணையோடு, வகுப்பைக் கவனிக்கவும் ஆசிரியரோடு அதைப் பேசவும் பயிற்சி கொடுக்கட்டும். ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்குமுன், இந்த மாதம் எத்தனை வகுப்புகளில் உட்கார்ந்தீர்கள் என்று அதிகாரிகள் கேட்கட்டும்.