நீரை வடித்தோம், நிலம் புளித்தது

மாத்தறையில் நில்வளா கங்கையின் தாழ்நிலங்களில் வயல்கள் கைவிடப்பட்டதற்குக் கமக்காரரின் அசட்டையே காரணம் என்று கூறுவோர் உளர். நான் அதை ஏற்பதில்லை. அந்நிலத்தைக் கெடுத்தது சோம்பல் அன்று, காற்று.

ஒருகாலத்தில் கடல்நீர் புகுந்த சதுப்புகளின் சேற்றில் பைரைட் என்னும் இரும்புச் சல்பைட்டு படிந்திருக்கும். நீருக்கடியில் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. நீரை வடித்தால் ஒட்சிசன் உட்புகுகிறது. பைரைட் ஒட்சியேற்றமடைந்து கந்தக அமிலத்தைப் பிறப்பிக்கிறது. மண்ணின் பி.எச். பெறுமானம் 4 இற்கும் கீழே இறங்குகிறது. களியிலிருந்து கரையும் அலுமினியம் வேர்களைக் கருக்குகிறது. பொஸ்பரசு பயிருக்குக் கிட்டாமற் போகிறது. மண்ணை வெட்டிப் பார்த்தால் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுக்கள் தெரியும்.

1980களின் நில்வளா வெள்ளத் தடுப்புத் திட்டம் அணைகளைக் கட்டியது. பம்பிகள் தாழ்நில நீரை வெளியேற்றின. கூடவே நிலத்தடி நீர்மட்டமும் இறங்கியது. உறங்கிய அமிலம் விழித்துக்கொண்டது.

வெள்ளத்தைத் தடுத்திருக்கக் கூடாது என்று நான் வாதிடவில்லை. 2003 இலும் 2017 இலும் மாத்தறை பட்ட துயரை மறக்க முடியாது. ஆனால், அறியாமல் நேர்ந்த பிழை என்று எவரும் தப்பிக்கொள்ள இயலாது. இம்மண் பற்றிய முதலாவது சர்வதேச மாநாடு 1972 இலேயே நெதர்லாந்தின் வாகெனிங்கனில் கூடிவிட்டது.

பரிகாரம் சுண்ணாம்பு என்பர். அது உதவும்; ஆனால் பைரைட் மிகுந்த மண்ணுக்கு வேண்டிய அளவைச் சிறு கமக்காரர் வாங்கிக் கட்டுபடியாகாது. மீண்டும் நீர் கட்டினால் அமிலம் தணியும். அப்போதோ இரும்பு கரைந்து நெல்லின் இலைகளைச் செம்பழுப்பாக்கும். இரும்பு நஞ்சைத் தாங்கும் நெல்லினங்களைக் களுத்துறை மாவட்டத்துப் பொம்புவல ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியுள்ளது. வியட்நாமின் மீகொங் கழிமுகத்திலோ விவசாயிகள் மேட்டுப்பாத்தி அமைத்து, மழைநீரால் அமிலத்தைக் கழுவி வெளியேற்றுகின்றனர். எந்த வழியாயினும், பைரைட் படைக்கு மேலே நீர்மட்டத்தைப் பேணுவதே அடிப்படை.

எனவே என் கோரிக்கை ஒன்றுதான். கரையோரத் தாழ்நிலம் எதிலும் வாய்க்கால் வெட்டுமுன், இறால் பண்ணை தோண்டுமுன், அடிமண்ணைச் சோதியுங்கள். சிறிதளவு மண்ணில் ஐதரசன் பெரொட்சைட்டை ஊற்றினால் போதும். பைரைட் மிகுந்திருந்தால் மண் நுரைத்துப் பொங்கும், பி.எச். சடுதியாக வீழும். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு அற்பம். செய்யாமல் விட்டதன் செலவை நில்வளாக் கமக்காரர் செலுத்திவிட்டனர்.