மார்க்ஸ், வெபர், துர்கைம்... அப்புறம் தர்மபுரி!

பி.காம். பாடத்தில் முதலாளித்துவம் என்றால் தனிச்சொத்து, லாப நோக்கம், போட்டி. ஐந்து மார்க் பதிலோடு முடிந்தது! அது மனிதர்களை என்ன செய்கிறது? இந்தக் கேள்விக்கு மூன்று பேர் மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

கார்ல் மார்க்ஸுக்கு முதலாளித்துவம் ஓர் உறவு. ஒருவரிடம் மூலதனம் இருக்கிறது. இன்னொருவரிடம் விற்பதற்கு உழைப்புச் சக்தி மட்டுமே இருக்கிறது. கூலிக்கு மேல் அந்த உழைப்பு உருவாக்கும் உபரிதான் லாபம் என்கிறது 1867-ல் வந்த 'மூலதனம்'. மேக்ஸ் வெபர் பார்த்தது மனப்பான்மையை. ஓயாமல் உழை, சிக்கனமாக இரு, லாபத்தைத் திரும்பத் தொழிலில் போடு என்ற ஒழுக்கத்துக்குப் புராட்டஸ்டண்ட் மதம் வழிவகுத்தது என்று 1904-05-ல் எழுதினார். எமில் துர்கைம் 1893-லேயே வேறு கேள்வி கேட்டார்: வேலைகள் பிரிந்துகொண்டே போனால் மனிதர்களைச் சேர்த்து வைப்பது எது?

சரி, இதற்கும் தர்மபுரிக்கும் என்ன சம்பந்தம்?

இந்திய ரயில்வேயால் வரும் நவீனத் தொழில், சாதிக்கு அடிப்படையான பரம்பரை வேலைப் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853-ல் மார்க்ஸ் எழுதினார். பாதி பலித்தது. மானாவாரி நிலத்தை நம்ப முடியாத இந்த மாவட்டத்து மக்கள் பெங்களூரு பக்கம் கூலி வேலைக்குப் போனார்கள். அவர்களில் தலித்துகளும் உண்டு. ஊர்ப் பண்ணையாரை நம்பியிருக்கும் நிலை மாறியது. கையில் காசு வந்தது, காரை வீடு வந்தது.

ஆனால் 2012 நவம்பர் 7 அன்று என்ன நடந்தது? ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. வெளியூர்க் கூலியில் கட்டிய வீடுகளும் அதில் அடக்கம்.

இங்கேதான் வெபர் தேவைப்படுகிறார். வர்க்கம் வேறு, சமூக அந்தஸ்து வேறு என்றார் அவர். வர்க்கம் சந்தையில் முடிவாகிறது. அந்தஸ்தோ யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது என்பதில் நிற்கிறது. கூலி முதலாவதை மாற்றியது. இரண்டாவதை விட்டுக்கொடுக்க ஆதிக்க சாதியினர் தயாராக இல்லை. துர்கைமும் பிறப்பை வைத்து வேலையைத் திணிப்பதைக் 'கட்டாய வேலைப் பிரிவினை' என்றார். அது மனிதர்களை இணைக்காது, மோதத்தான் வைக்கும்.

கூலியையும் லாபத்தையும் புரிந்துகொள்ள மார்க்ஸ் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரோடு நிறுத்திவிடாதீர்கள். "தொழில் வளர்ந்தா சாதி தானா போயிடும்" என்று யாராவது சொன்னால், நத்தம் காலனியில் எரிந்த வீடுகளை நினைவுபடுத்துங்கள். தானாக எதுவும் போகாது நண்பர்களே!